வெஸ்லே மலைக்கிராமத்துக்கு நம்மூர் லைசென்ஸோடு கார் ஓட்டிப் போகலாமா?

கேள்வி: செப்டம்பரில் நானும் கணவரும் பாரிஸ் போகிறோம். அங்கிருந்து வாடகைக் கார் எடுத்து, பர்கண்டிப் பகுதியில் இருக்கும் வெஸ்லே என்ற மலைக்கிராமத்துக்குப் போய் ஒரு ராத்திரி தங்க ஆசை. ராமகிருஷ்ணர், விவேகானந்தர் பற்றி எழுதிய ரொமெய்ன் ரோலண்ட் கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு அங்கே இருக்கிறதாம். கணவரிடம் தமிழ்நாடு லைசென்ஸ் உள்ளது. அது போதுமா? மூன்று வருடம் செல்லும் 'இன்டர்நேஷனல் லைசென்ஸ்' ஒரே நாளில் வாங்கித் தருகிறேன், நேரில்கூட வர வேண்டாம் என்கிறார் ஒரு ஏஜென்ட். வாங்கலாமா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: வாங்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

'இன்டர்நேஷனல் லைசென்ஸ்' என்று தனியாக ஒரு லைசென்ஸே கிடையாது. இருப்பது இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட், சுருக்கமாக ஐடிபி. உங்கள் லைசென்ஸில் உள்ள விவரத்தைப் பல மொழிகளில் சொல்லும் சின்னப் புத்தகம், அவ்வளவுதான். அதை உங்களுக்குக் கொடுக்க வேண்டியது ஆர்டிஓ அலுவலகம். 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி நம் நாடு கொடுக்கும் ஐடிபிக்கு ஆயுள் ஒரு வருடம்தான். இந்திய லைசென்ஸுக்கு 'மூன்று வருடம்' என்று ஒருவர் சொன்னால், மேற்கொண்டு விசாரிக்கவே வேண்டாம்.

இந்த ஏஜென்ட்டுகள் பலர் செய்வது இதுதான்: ஏதாவது ஒரு இணையதளத்தில் உங்கள் போட்டோவை ஏற்றி, ஹாலோகிராம் ஒட்டிய பிளாஸ்டிக் கார்டும் பளபளப்பான புத்தகமும் வரவழைத்துத் தருவார்கள். அந்தத் தளத்தின் அடியில் பொடி எழுத்தில் 'இது அரசு ஆவணம் அல்ல, மொழிபெயர்ப்பு மட்டுமே' என்று அவர்களே எழுதி வைத்திருப்பார்கள். அதை யார் படிக்கிறார்கள்? வாடகைக் கார் கவுன்டரில் இருப்பவர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். முன்பணமும் போகும், பயணமும் போகும்.

முறையான வழியில் செலவு 1000 ரூபாய். மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் சாரதி பகுதிக்குப் போய் விண்ணப்பம் போடலாம், படிவம் 4ஏ. ஆன்லைன் என்றுதான் பெயர், பிரின்ட் எடுத்துக்கொண்டு கவுன்டரில் நிற்க வேண்டிய அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. விசா, மருத்துவச் சான்று எல்லாம் வேண்டாம் என்று 2021-லேயே விதியைத் திருத்தியாயிற்று. ஆனாலும் 'விசா நகல் எங்கே?' என்று கேட்டுத் திருப்பி அனுப்புபவர்கள் உண்டு. விசாவோ கிளம்புவதற்குச் சில நாள் முன்புதான் கைக்கு வரும். இப்படி அலைய வைத்தால் மக்கள் புரோக்கரிடம் போகாமல் என்ன செய்வார்கள்? நீங்கள் ஒரு மாதம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பலர் இதைக் குழப்பிக்கொள்வதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிரெஞ்சு விதி ஐடிபி மட்டும்தான் வேண்டும் என்று சொல்லவில்லை. லைசென்ஸ் பிரெஞ்சு மொழியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதிகாரபூர்வமான பிரெஞ்சு மொழிபெயர்ப்போ ஐடிபியோ கூட இருக்க வேண்டும். 'அப்படியானால் மொழிபெயர்ப்பு போதுமே, அந்த ஏஜென்ட் தருவதும் அதுதானே?' என்று கேட்பீர்கள். இல்லை. அங்கே அதிகாரபூர்வம் என்றால் நீதிமன்றத்தில் பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளர் கையெழுத்தும் முத்திரையும் போட்டது. யாரோ அச்சடித்த கார்டு அந்தக் கணக்கில் வராது. முறையான மொழிபெயர்ப்பு வைத்திருந்தால் போலீஸ் ஏற்கும். ஆனால் கார் நிறுவனம் தன் நிபந்தனையில் 'ஐடிபி' என்று போட்டிருந்தால் சாவி தராது. அதனால் ஐடிபியே வாங்கிவிடுங்கள். கூடவே அசல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் ஐடிபிக்கு மதிப்பில்லை.

அடுத்த பொறி கார்டு. ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். உங்கள் பெயரில் கார்டு, கணவர் பெயரில் லைசென்ஸ் என்றால் சிக்கல். டெபிட் கார்டைப் பல இடங்களில் தொடக்கூட மாட்டார்கள். அங்கே கியர் வண்டிதான் அதிகம் கிடைக்கும். ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் புக் செய்யும்போதே கேட்டு வாங்குங்கள். ஸ்டியரிங் இடப்பக்கம், கியர் வலது கையில், சாலையிலும் வலப்பக்கம் போக வேண்டும். இத்தனையும் புதிது என்பதால் பாரிஸ் நெரிசலில் பழக வேண்டாம். ரயிலில் வெஸ்லே போகும் வழியில் உள்ள ஒசேர் நகரம் வரை போய், அங்கே கார் எடுப்பது நல்லது.

கிராமச் சாலையில் நம்மவர்கள் மாட்டுவது ஊர்ப் பெயர்ப் பலகையில். வெள்ளைப் பலகை, சிவப்பு விளிம்பு, நடுவில் ஊர்ப்பெயர். அதில் எண் எதுவும் இருக்காது. ஆனால் அந்தப் பலகையைத் தாண்டியதுமே வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர் என்று அர்த்தம். பெயரின் மேல் குறுக்குக்கோடு போட்ட பலகை வரும்வரை அதே 50-தான். ஊருக்குள் அந்த வரம்பை 20 கிலோமீட்டருக்கும் குறைவாக மீறினாலே அபராதம் 135 யூரோ, சீக்கிரம் கட்டினால் 90. கார் நிறுவனம் உங்கள் விலாசத்தை அரசுக்குக் கொடுத்துவிட்டு, அதற்கும் தனியாக ஒரு கட்டணத்தைக் கார்டில் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று: பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கம் வரும் வண்டிக்குத்தான் முதல் வழி, அது டிராக்டராக இருந்தாலும்.

வெஸ்லேயில் காரை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு ஏறுங்கள். ஒரே தெரு, நல்ல ஏற்றம், உச்சியில் மகதலா மரியாள் பேராலயம். இரண்டாம் சிலுவைப் போருக்குத் துறவி பெர்னார்து 1146-ல் ஆள் திரட்டிப் பேசிய ஊர் இதுதான். ரோலண்ட் வீடு இப்போது செர்வோஸ் கலைக் காட்சியகம். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், செப்டம்பரில் சிக்கலில்லை. வார விடுமுறை எந்த நாள் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காந்தி அவரைச் சந்தித்ததும் இந்த வீட்டில்தான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது 1931 டிசம்பரில், சுவிட்சர்லாந்தில். ரோலண்ட் இங்கே குடிவந்தது அதற்குப் பிறகுதான்.

ஐடிபி கைக்கு வரத் தாமதமானால் காரை விட்டுவிடுங்கள். பாரிஸ் பெர்சி நிலையத்திலிருந்து செர்மிசெல் வரை ரயில் இருக்கிறது. அங்கிருந்து வெஸ்லே 10 கிலோமீட்டர். சின்ன ஸ்டேஷன், வாசலில் டாக்சி நிற்காது. தங்கப்போகும் விடுதியிடம் சொல்லி முதல் நாளே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.