முச்சை கட்டும் கை

அன்புள்ள ஆலோசகருக்கு,

நான் யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரன், வயது 67. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டியை அறிந்திருப்பீர்கள். எங்கள் சனசமூக நிலையத்துப் பட்டங்கள் அத்தனைக்கும் முன்பெல்லாம் நான்தான் முச்சை கட்டினேன், பட்டம் சரியான சாய்வில் நிற்கப் போடும் நூற்கட்டு அது. இப்போது தம்பிமார் என்னைக் கேட்பதே இல்லை. கப்பல் என்கிறார்கள், பறவை என்கிறார்கள், மின்விளக்குப் பூட்டுகிறார்கள். பட்டத்தில் பூட்டிய விண் என்ற நாண் காற்றில் கூவுகிறதா என்று கவனிக்க ஆளில்லை. கைபேசியில் பார்த்துக் கட்டுகிறார்களாம்! சென்ற பொங்கலுக்கு ஒரு வார்த்தை சொல்லி அழைக்கவில்லை. கனடாவிலுள்ள மகனோ ‘அதையெல்லாம் விடுங்கள் அப்பா’ என்கிறான். கொஞ்சக் காலமாக விரல் நடுங்குகிறது, யாராவது வந்தால் வேலையைச் சுருட்டி வைத்துவிட்டு அவர்கள் போன பிறகுதான் நூலை எடுக்கிறேன். அது வேறு விஷயம். இத்தனை வருடம் முச்சை கட்டியவனை ஒருவரும் தேடுவதில்லை. நன்றி கெட்ட காலம். மனம் விட்டுப்போயிற்று.

ஐயா,

கனடா மகனும் மின்விளக்கும் கிடக்கட்டும். ‘அது வேறு விஷயம்’ என்று நீங்கள் ஒதுக்கினீர்களே, விஷயமே அதுதான். ஒருவரும் தேடுவதில்லை என்கிறீர்கள். வந்தால் சுருட்டி வைப்பதாகவும் எழுதுகிறீர்கள். அப்படியென்றால் வந்திருக்கிறார்கள். ஐயாவுக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்று அவர்கள் நினைத்திருந்தால் நான் குறை சொல்லமாட்டேன்.

நடுக்கத்தை மருத்துவரிடம் காட்டுங்கள். தைரொய்ட் கூடினாலும், சில மாத்திரைகளாலும்கூட விரல் நடுங்கும். தனியே இருந்து பயப்பட வேண்டாம்.

விரலின் திறமைக்காகத்தான் ஊர் உங்களைச் சேர்த்துக்கொண்டது என்று நம்புகிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒருவன் மூங்கிலை வளைத்துப் பிடிக்க, ஒருவன் தாள் ஒட்ட, மூன்றாமவன் சும்மா நின்று பிழை சொல்ல, தேநீரும் பகடியுமாய் இரவு நகரும்போதே ஆட்கள் ஒட்டிக்கொள்கிறார்கள். ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் 2015 இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. கூடிப் பாடப் பழகியவர்கள் சட்டென்று நெருங்கினார்கள். கைவினையும் எழுத்தும் பழகியவர்களுக்குக் காலம் எடுத்தது. ஆனாலும் ஏழு மாத முடிவில் எல்லோரும் ஒரேயளவு நெருக்கம். கைவேலை மெதுவாகத்தான் மனிதரைச் சேர்க்கும், அதுவும் பக்கத்தில் இருந்தால். ஆட்கள் போன பிறகு நூலை எடுப்பவருக்கு அது கிடைக்காது.

இன்னொன்று, கோபிக்காதீர்கள். ‘அத்தனைக்கும் நான்தான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கை உறுதியாக இருந்த காலத்தில் யாருக்காவது முச்சை கட்டப் பழக்கியதாக ஒரு வரிகூடக் கடிதத்தில் இல்லை. மேல்நூல் விரற்கடை கூடினாலே பட்டம் எழும்பாது என்பதை நீங்கள் சொல்லாவிட்டால், அவர்கள் கைபேசியைத்தானே கேட்பார்கள்?

அடுத்த முறை ஒருவன் வந்தால் சுருட்டாதீர்கள். ‘எனக்குக் கை நடுங்குகிறது தம்பி, நீ கட்டு, நான் சொல்கிறேன்’ என்று நூலை அவனிடம் கொடுங்கள். முதல் வசனம்தான் கஷ்டம். அவன் பிழையாகக் கட்டினாலும் பறிக்காதீர்கள். மின்விளக்கைப் பற்றி வாயே திறக்க வேண்டாம். விண் கூவாவிட்டால் மட்டும் தாராளமாகத் திட்டலாம்.