காட்டிய இடத்தில் கையெழுத்து

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம், இருவரும் வேலை பார்க்கிறோம். 2024, 2025 இரண்டு வருடத்துக்கும் ராத் ஐ.ஆர்.ஏ. என்ற ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கில் என் பெயரில் 7,000 டாலர், மனைவி பெயரில் 7,000 டாலர் போட்டேன். மனைவிக்குச் சம்பளம் கூடியதில் எங்கள் வருமானம் இரண்டு வருடமும் இரண்டரை லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. போட்டிருக்கவே கூடாது என்று இப்போதுதான் தெரிந்தது. ஏப்ரல் 15, 2026-க்குள் வரி தாக்கல் செய்ய வேண்டும். அபராதத்தைக் குறைக்க வழி உண்டா? மனைவியிடம் சொல்லவில்லை. அவளுக்கு இதெல்லாம் புரியாது, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவாள்.

பதில்: வரம்பைத் தாண்ட வைக்கும் அளவுக்குச் சம்பாதிப்பவருக்குத் தன் பெயரில் உள்ள கணக்கு புரியாதா? ஐ.ஆர்.ஏ.வில் கூட்டுக் கணக்கே கிடையாது. கூட்டாக வரி தாக்கல் செய்தாலும், அபராதத்துக்கான 5329 படிவம் ஆளுக்கு ஒன்று. அவருடைய படிவத்தையும் மடித்து நீட்டி, கையெழுத்து வாங்கிவிடலாம் என்றிருக்கிறீர்களா?

கணவர் போன பிறகு எங்கே என்ன பணம் இருக்கிறது என்று தெரியாமல் எனக்கு எழுதும் பெண்கள் நிறைய. அவர்கள் கணவன்மார்களும் "அவளுக்குப் புரியாது" என்றவர்கள்தான். இதற்குப் பெயர் பொறுப்பு இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். 2025-க்குப் போட்டதை இன்னும் காப்பாற்றலாம். கூடுதலாகப் போட்டதைத் திருப்பி எடுக்கிறோம் என்று கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்திடம் குறிப்பிட்டுக் கேளுங்கள். சாதாரணமாகப் பணம் எடுப்பதுபோல் எடுத்துவிடாதீர்கள். போட்ட பணம் ஈட்டிய லாபமும் சேர்ந்து வெளியே வரவேண்டும், லாபத்துக்கு 2025 வருமானமாக வரி உண்டு. எடுக்க மனமில்லையென்றால் சாதாரண ஐ.ஆர்.ஏ.வுக்கு மாற்றலாம். நேரத்தில் தாக்கல் செய்தவர்களுக்கு இரண்டுக்கும் அக்டோபர் 15 வரை அவகாசம்.

2024 பணத்துக்கு அந்த அவகாசம் போன அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. அபராதம் 6 சதவீதம், ஆளுக்கு 420 டாலர். டிசம்பர் 31 அன்றும் உள்ளேயே கிடந்ததால் 2025-க்கு இன்னொரு 420. இருவருக்குமாக 1,680. 2024-க்கான படிவத்தையும் இப்போது அனுப்பியாக வேண்டும். அந்த 7,000-ஐ இந்த டிசம்பருக்குள் எடுக்காவிட்டால் மறுபடியும் 420. லாபம் உள்ளேயே இருக்கலாம்.

அவர் கணக்கிலிருந்து எடுக்க அவர்தான் கேட்க வேண்டும். அவருடைய பாஸ்வேர்டில் நீங்கள் நுழையாதீர்கள். இன்று ராத்திரியே லேப்டாப்பை அவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் காட்டுங்கள். திட்டுவார். அவர் பங்கு மட்டும் 840 டாலர், திட்டட்டும்.