சேமிப்பு முழுவதையும் போட்டு சன்ரூம் கட்டலாமா?

கேள்வி: எங்கள் வீட்டின் பின்புறம் மேற்குப் பார்த்த காலி இடம் இருக்கிறது. அங்கே மூன்று பக்கமும் கண்ணாடி வைத்து ஒரு சன்ரூம் கட்ட ஆசை. அம்மாவுக்கு 76 வயது, மூட்டுவலி. குளிர் மாதங்களில் காலையில் வாசல் திண்ணையில் வெயிலைத் தேடி உட்காருகிறார். கான்ட்ராக்டரின் கொட்டேஷன் எங்கள் ஆண்டு வருமானத்தில் பாதி. கையில் உள்ள சேமிப்பும் சரியாக அவ்வளவுதான். வீட்டுக் கடன் தவணையையும் சேர்த்து, மாத வருமானத்தில் முக்கால் பங்கு செலவாகிவிடுகிறது. அந்தக் கடன் முடிய இன்னும் ஆறு ஆண்டுகள் உள்ளன. சேமிப்பைப் போட்டுக் கட்டலாமா, கடன் வாங்கலாமா? பாதித் தொகையை கான்ட்ராக்டர் முன்பணமாகக் கேட்கிறார், கொடுக்கலாமா?

பதில்: பணத்தைப் பற்றிப் பேசும் முன் உங்கள் கடிதத்தில் உள்ள ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு வேண்டியது காலை வெயில். மேற்குப் பக்க அறையில் பெரும்பாலும் நண்பகலுக்குப் பிறகுதான் நேரடி வெயில் விழும். அதுவும் தாழ்ந்து வரும் பிற்பகல் வெயில், கூரையை எவ்வளவு நீட்டினாலும் உள்ளே நுழைந்துவிடும். கோடையில் அந்த அறை கொதிக்கும், ஏசி இல்லாமல் உட்கார முடியாது. அம்மாவை மனதில் வைத்துத்தான் இவ்வளவு செலவு என்றால், அவர் இப்போது உட்காரும் திண்ணையையே கண்ணாடியால் மூட முடியுமா என்று முதலில் பாருங்கள். மேலே கூரை இருந்தால் பெரிய செலவுகளில் இரண்டு, அதாவது அஸ்திவாரமும் கூரையும், பெரும்பாலும் மிச்சம். காலை வெயில் தாழ்வாக வருவதால் கூரைக்கு அடியில் புகுந்து உள்ளே விழும். கூரையும் தரையும் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று ஒரு பொறியாளரிடம் காட்டுங்கள். அனுமதி தேவையா என்று உள்ளாட்சி அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். இதற்கு ஆகும் செலவைத் தனியாக ஒரு கொட்டேஷன் வாங்கிப் பார்க்கும்வரை பின்புற வேலைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

அதற்குப் பிறகும் பின்புறத்தில்தான் கட்டுவது என்று முடிவானால், கணக்கைப் போட்டுவிடலாம். கொட்டேஷனை 100 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சேமிப்பும் 100. ஆண்டு வருமானம் 200, மாதச் செலவு 12.5. ஆறு மாதச் செலவுக்கான 75-ஐ எந்தக் காரணத்துக்காகவும் தொடக்கூடாது. வயதான அம்மா இருக்கிற வீட்டில், தவணையும் ஓடும்போது, இதில் நான் இறங்கி வர மாட்டேன். ஆக, சன்ரூமுக்கு உங்களிடம் இருப்பது 25 மட்டுமே.

செலவு 100-லும் நிற்காது. கொட்டேஷனை எடுத்து, அதில் எதெல்லாம் எழுதப்படவில்லை என்று பாருங்கள். அனுமதிக் கட்டணம், வரைபடம், பொறியாளர் கட்டணம், ஒயரிங், தரை ஓடு, திரைச்சீலை, ஏசி ஆகியவை பல கொட்டேஷன்களில் இருக்காது. பழைய சுவரும் புதிய கூரையும் சேரும் இடத்தில் தகடு வைத்து நீர் புகாமல் அடைக்கும் வேலை இருக்கிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள். பிற்பாடு ஒழுகுவது அந்த இடத்தில்தான். இவற்றுக்கு 25, எதிர்பாராத செலவுக்கு 15 என்று நான் வைப்பேன். மொத்தம் 140.

இப்போதே கட்டினால் 115 கடன் வாங்க வேண்டும். 10 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக் கடன் என்றால் மாதத் தவணை சுமார் 2.44. உங்களுக்கு மாதம் மிஞ்சுவதே 4.2-தான். மொத்த வட்டி 31-க்கு மேல் போகும். ஒன்றரை ஆண்டு பொறுத்து, மாதம் 4 வீதம் தனிக் கணக்கில் போட்டு வந்தால் 72 சேரும். அப்போது கடன் 43 போதும், தவணை சுமார் 0.91, மொத்த வட்டி 12-க்குள். இடையில் பொருள் விலை ஏறலாம், உண்மைதான். ஆனால் வட்டியில் மிச்சமாகும் கிட்டத்தட்ட 20 அந்த ஏற்றத்தைத் தாங்க உதவும். அதுவரை அந்தப் பணத்தை வைப்பு நிதியில் போடுங்கள். பங்குச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

கடன் எடுக்கும்போது வீட்டுக் கடனுக்கு மேல் டாப்-அப், அதாவது அதே கடனோடு சேர்த்துத் தரும் கூடுதல் கடன், கிடைக்குமா என்று பாருங்கள், தனிநபர் கடனைவிட வட்டி பொதுவாகக் குறைவு. தவணை சிறிதாகத் தெரியட்டும் என்று காலத்தை நீட்டாதீர்கள். அதே 10 சதவீதத்தில் 100 கடனுக்கு ஐந்து ஆண்டில் 127 கட்டுவீர்கள், பத்து ஆண்டில் சுமார் 159. வீடு விற்கும்போது போட்டது முழுவதும் திரும்பி வரும் என்றும் கணக்குப் போட வேண்டாம், பெரும்பாலும் வராது.

செலவைக் குறைக்க நினைத்தால் பிறகு சேர்க்கக்கூடியவற்றில் குறையுங்கள். ஏசி, திரைச்சீலை, நாற்காலி எல்லாம் அடுத்த ஆண்டு வரலாம். ஒயர் போகும் குழாயை மட்டும் இப்போதே பதித்துவிடுங்கள். அஸ்திவாரத்திலும் கூரையிலும் கண்ணாடியிலும் கை வைக்காதீர்கள். மேற்குப் பக்கத்துக்கு இரட்டை அடுக்கு, வெப்பத்தைத் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடிதான் சரி. ஒற்றைக் கண்ணாடியில் இன்று மிச்சம் பிடிப்பதை மாதாமாதம் மின்கட்டணமாகக் கட்டுவீர்கள். பழைய சிமென்ட் தரை மேலேயே எழுப்பலாம் என்று யாராவது சொன்னால், பொறியாளர் பார்த்துச் சொல்லும்வரை சம்மதிக்காதீர்கள். கட்டி முடித்ததும் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். சொத்து வரி உயருமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

முன்பணம் பாதி கொடுக்க வேண்டாம். கையெழுத்திடும்போது 10 சதவீதம், பிறகு அஸ்திவாரம், கண்ணாடியைத் தாங்கும் சட்டம் (ஃபிரேம்), கூரை, கண்ணாடி என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்த பின் ஒரு பங்கு. கண்ணாடிக்கு முன்கூட்டியே பணம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. டெம்பர்டு கண்ணாடியை, அதாவது சூடாக்கிக் கடினப்படுத்திய கண்ணாடியை, செய்த பிறகு வெட்ட முடியாது, அளவு தவறினால் அது வீண். அதனால் சட்டம் நின்ற பிறகு அளவெடுக்கச் சொல்லுங்கள். அந்தத் தொகையை உங்கள் பெயரில் பில் வாங்கிக்கொண்டு நேராகக் கண்ணாடிக் கடைக்குக் கட்டுங்கள். கடைசி 10 சதவீதத்தை ஒரு நல்ல மழை பெய்து, ஒழுகவில்லை என்று பார்த்த பிறகுதான் கொடுப்பேன் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். இதற்கு ஒப்புக்கொள்ளாதவர் என்றால் வேறு இரண்டு பேரிடம் கொட்டேஷன் வாங்குங்கள்.