ஆரவாரம் முதலில், ஆட்டம் பிறகு

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் பல ஆண்டுகளாகக் கால்பந்து பார்த்து வருபவன். கேபிள் இணைப்பை விட்டுவிட்டு, இப்போது எல்லா ஆட்டங்களையும் செயலியில்தான் பார்க்கிறேன். சென்ற வாரம், பெனால்டி உதைக்க வேண்டியவர் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வரும்போதே, பக்கத்து வீட்டிலிருந்து 'கோல்' என்ற கூச்சல் கேட்டுவிட்டது. வேறு ஊரில் இருக்கும் என் தம்பியும் நானும் தொலைபேசியில் பேசிக்கொண்டே ஆட்டம் பார்ப்பது வழக்கம். அவன் திரைக்கும் என் திரைக்கும்கூட அரை நிமிட இடைவெளி இருக்கிறது. வேகமான இணையத் திட்டத்துக்கு மாறியும் பலனில்லை. இது யாருடைய குறை?

பதில்: உங்கள் இணைப்பின் குறை அன்று, அதனால்தான் வேகத்தைக் கூட்டியும் பயனில்லாமல் போயிற்று. மைதானத்தில் கேமரா பிடிக்கும் படம் அப்படியே உங்கள் திரைக்கு வருவதில்லை. அது பல தரங்களில் சுருக்கப்பட்டு, சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டு, பல இடங்களில் உள்ள சர்வர்களுக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்துதான் துண்டு துண்டாக உங்களை வந்தடைகிறது. ஆப்பிள் நிறுவனம் 2009இல் அறிமுகப்படுத்திய, இன்றும் பரவலாகப் பயன்படும் எச்.எல்.எஸ். என்னும், படத்தைத் துண்டுகளாக அனுப்பும் முறையில், ஒரு துண்டின் நீளம் தொடக்கத்தில் 10 விநாடியாக இருந்தது. பிறகு 6 விநாடி பரிந்துரைக்கப்பட்டது. படம் நடுவில் அறுந்துவிடக் கூடாது என்பதற்காகச் செயலி வழக்கமாக மூன்று துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகே ஓட்டத் தொடங்கும். ஆறு விநாடித் துண்டுகள் மூன்று என்றாலே 18 விநாடி ஆகிவிடுகிறது. சுருக்குவதற்கும் அனுப்புவதற்கும் ஆகும் நேரத்தையும் கூட்டினால், அரை நிமிடப் பின்தங்கல் வியப்புக்குரியதன்று.

துண்டுகளைச் சிறிதாக்கினால் என்ன என்று கேட்பீர்கள். ஆக்கலாம், 2019இல் அதே நிறுவனம் தாமதத்தைக் குறைக்கும் புதிய வடிவத்தை அறிவித்தது. ஆனால் கையிருப்பு குறையக் குறைய, இணைப்பு ஒரு கணம் தடுமாறினாலும் படம் நின்றுவிடும். தாமதத்தைக் குறைத்தால் தடங்கல் கூடும்; தடங்கலைக் குறைத்தால் தாமதம் கூடும். பெரும்பாலான நிறுவனங்கள் தாமதத்தையே தேர்ந்தெடுக்கின்றன, ஏனெனில் படம் நின்றால் புகார் வரும்; முப்பது விநாடி பின்னால் ஓடினால், பக்கத்து வீடு அமைதியாக இருக்கும்வரை எவருக்கும் அது தெரியப்போவதில்லை. இந்தத் தேர்வை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 'நேரலை' என்ற சொல்லைத் திரையின் மூலையில் சிவப்பு நிறத்தில் போடுபவர்கள், அது எத்தனை விநாடி பிந்திய நேரலை என்பதையும் அருகிலேயே போட வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். சந்தா கட்டுபவருக்கு அந்த எண் தெரிய வேண்டாமா?

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. படம் ஒவ்வொரு முறை நின்று மீளும்போதும், பல செயலிகள் விட்ட இடத்திலிருந்தே தொடர்வதால், தாமதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகும். அப்போது 'நேரலைக்குச் செல்' என்ற பொத்தானை அழுத்தினால், சேர்ந்துபோன பாக்கி கழிந்துவிடும். தம்பியோடு பார்க்கும்போது, திரையில் தெரியும் ஆட்டக் கடிகாரத்தை ஒருவருக்கொருவர் வாசித்துச் சொல்லி, முந்தி இருப்பவர் அத்தனை விநாடி நிறுத்திவைத்துவிட்டுத் தொடரட்டும். இருவரும் சற்றுப் பிந்தினாலும் சேர்ந்தே பிந்துவீர்கள். ஸ்கோர் செயலிகளின் அறிவிப்புகளையும் அந்த இரண்டு மணி நேரம் அணைத்துவையுங்கள். மைதானத்திலிருந்து ஒருவர் பதிவு செய்யும் எண், எழுத்தாக வருவதால், எந்தப் படத்தையும் முந்திக்கொண்டு வந்துவிடும்.

கேள்வி: திரைப்படங்கள் என் வீட்டில் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடுகின்றன. அதே இணைப்பில், அதே தொலைக்காட்சியில், முக்கியமான ஆட்டம் என்றால் மட்டும் படம் மங்குகிறது, அல்லது வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. வேகத்தைச் சோதித்தால் எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டுகிறது. ஏன் இப்படி?

பதில்: திரைப்படம் ஏற்கெனவே முடிந்துபோன பொருள். அதை அவசரமில்லாமல் நன்றாகச் சுருக்கி, பிரதிகளை உங்களுக்கு அருகிலுள்ள சர்வர்களில் முன்கூட்டியே வைத்துவிடலாம். நீங்கள் ஐந்தாம் நிமிடத்தைப் பார்க்கும்போதே செயலி அடுத்த சில நிமிடங்களை எடுத்து வைத்துக்கொள்ளும். இன்னும் உதைக்கப்படாத பந்தை எந்தச் செயலியாலும் சேமித்துவைக்க முடியாது. மேலும், படத்தைச் சுருக்கும் முறை, ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் மாறாமல் இருக்கும் பகுதிகளை நம்பி நடப்பது. விளையாட்டில் மாறாத பகுதி எங்கே இருக்கிறது? கேமரா பந்தோடு ஓடுகிறது, புல்லின் ஒவ்வோர் இழையும் நகர்கிறது, பின்னால் ஆயிரக்கணக்கான தலைகள் அசைகின்றன. இதை அந்தந்தக் கணத்திலேயே சுருக்கியாக வேண்டும். போதாததற்கு, வேகமான பந்து கண்ணுக்குத் தொடர்ச்சியாகத் தெரிய விநாடிக்கு 50 அல்லது 60 படங்கள் தேவை. திரைப்படத்துக்கு 24 போதும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் கூட்டம். வான்வழி அலையிலோ செயற்கைக்கோளிலோ வரும் ஒளிபரப்பு ஒரே அலை. அதை ஒருவர் பிடித்தாலும் ஒரு கோடிப் பேர் பிடித்தாலும் அனுப்புபவருக்குச் சுமை ஒன்றே. இணையத்திலோ ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிரதி போக வேண்டும். 2024 நவம்பரில் மைக் டைசன் – ஜேக் பால் குத்துச்சண்டையை நெட்ஃபிளிக்ஸ் நேரலையாகக் காட்டியபோது, ஒரே சமயத்தில் ஓடிய காட்சிகள் 6.5 கோடியைத் தொட்டதாக அந்நிறுவனமே அறிவித்தது. படம் மங்குவதாகவும் நின்றுபோவதாகவும் அன்று பார்வையாளர்கள் பெருமளவில் புகார் செய்தார்கள். திரைப்படங்களை அனுப்புவதில் நீண்ட அனுபவம் உள்ள நிறுவனத்துக்கே அந்த நிலை.

வேகச் சோதனை பொய் சொல்லவில்லை; ஆனால் அது வேறொரு சர்வருக்கும் உங்களுக்கும் இடையிலான பாதையை, அந்தச் சில விநாடிகளுக்கு மட்டும் அளந்து சொல்கிறது. ஆட்டம் வரும் பாதையில் உள்ள நெரிசல் அதில் தெரியாது. வீட்டுக்குள் இருக்கும் பகுதியையாவது நீங்கள் சரிசெய்யலாம். இயன்றால் ரௌட்டரிலிருந்து தொலைக்காட்சிக்குக் கம்பி இழுத்துவிடுங்கள். என் அனுபவத்தில் இதற்கு ஈடான மருந்து வேறில்லை. முடியாவிட்டால், வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தேர்ந்தெடுங்கள், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவர்களைத் தாண்டி அதிக தூரம் போகும் என்றாலும், சுற்றியுள்ள வீடுகளின் ரௌட்டர்களும் புளூடூத் கருவிகளும் அதில்தான் நெருக்கியடிக்கின்றன. ஆட்டம் தொடங்கும் நிமிடத்தில் எல்லோரும் ஒருசேர உள்நுழைவதால் கடவுச்சொல் சரிபார்க்கும் இடத்திலேயே பலர் சிக்கிக்கொள்கிறார்கள். பதினைந்து நிமிடம் முன்னதாகவே உள்ளே போய் உட்கார்ந்துவிடுங்கள்.

கேள்வி: ஒரே அணியின் ஆட்டங்கள் மூன்று செயலிகளில் சிதறிக் கிடக்கின்றன. கட்டணமில்லாத இணைப்புகளை நண்பர்கள் அனுப்புகிறார்கள். பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் கோபம் நியாயமானது. ஒவ்வொரு போட்டியின் உரிமையும் தனித்தனியாக விற்கப்படுவதால், ஓர் அணியைப் பின்தொடர்பவர்தான் அலைக்கழிக்கப்படுகிறார். ஆனால் அந்த இணைப்புகள் சட்டத்துக்குப் புறம்பானவை. அவற்றில் பல, ஏற்கெனவே பிந்தி வரும் படத்தைப் பிடித்து மறுபடி அனுப்புபவை ஆகையால் இன்னும் பிந்தும். அவற்றைச் சுற்றிலும் தோன்றும் பொத்தான்கள் தீங்கான மென்பொருளை உங்கள் கருவியில் இறக்கிவிடக்கூடும். சந்தாக்களை ஒவ்வொரு மாதத்துக்கு மட்டும் எடுத்து, தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றே நிறுத்திவிடுவது ஓரளவு கைகொடுக்கும்.

கேள்வி: பணி நேரத்தால் ஆட்டங்களை மறுநாள்தான் பார்க்க முடிகிறது. முடிவு தெரியாமல் பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் செயலியே உங்களுக்கு எதிராக வேலை செய்யும். முகப்பில் வெற்றி பெற்றவர்கள் கோப்பையைத் தூக்கும் படம் இருக்கும். அது இல்லாவிட்டாலும், பதிவின் மொத்த நீளமே காட்டிக்கொடுத்துவிடும். டென்னிஸ் ஆட்டம் ஐந்து மணி நேரம் என்று கண்டால், நேர் செட்களில் முடியவில்லை என்பது முதல் சர்வுக்கு முன்பே தெரிந்துபோகிறது. சில செயலிகளின் அமைப்புகளில் ஸ்கோரை மறைக்கும் வசதி இருக்கிறது, தேடிப் பாருங்கள். இல்லையென்றால், அந்த ஆட்டத்தில் அக்கறையில்லாத ஒருவரிடம் கருவியைக் கொடுத்து, பதிவைத் திறந்து, தொடக்கத்துக்குக் கொண்டுவந்து, முழுத்திரையாக்கித் தரச் சொல்லுங்கள். என் மனைவி பல ஆண்டுகளாக எனக்கு இந்த உதவியைச் செய்துவருகிறார். கருவியை என்னிடம் நீட்டும்போது முகத்தில் எதையும் காட்டிக்கொள்வதில்லை.