சூரிய மின்திட்டத்துக்கு ஊராரின் கருத்தைக் கேட்பது கட்டாயமா?

சேர்வராயன் மலையடிவாரத்தில் மானாவாரி நிலங்களைக் குத்தகைக்கு எடுத்துச் சூரிய மின் நிலையம் அமைக்க ஒரு நிறுவனம் முன்வந்தால், ஊராரைக் கேட்பது கட்டாயமா, ஊருக்குப் பங்கு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சூரிய ஒளி மின் திட்டங்களுக்கு முன் அனுமதி தேவையில்லை என்பதால், அதன் அங்கமான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் நடப்பதில்லை. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கோருகிறதே என்றால், உரிமையாளரிடம் நேரடியாகக் குத்தகை பேசும்போது பொதுவாக அது பொருந்துவதில்லை. ஏற்காட்டு மலைவாழ் மக்கள் அனுபவித்துவரும் வனநிலமாக இருந்தால் மட்டும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் துணைக்கு வரும்.

ஆகவே உங்கள் கையில் எஞ்சியிருப்பது கிராம சபைதான். அதில் பட்டா வைத்திருப்பவர்களோடு பேச்சை முடித்துவிடுவதே பெரும் பிழை என்பேன். அந்த நிலத்தில் ஆடு மேய்ப்பவர்களும் களையெடுக்கும் கூலிப் பெண்களும் வேலி போட்ட அன்றே பிழைப்பை இழக்கிறார்கள், குத்தகைப் பணமோ அவர்களுக்கு வருவதில்லை.

பங்கு கேட்பது புதுமையன்று. நீர்மின் திட்டங்களில் மாநிலத்துக்கு 12 விழுக்காடு இலவச மின்சாரமும், கூடுதலாக 1 விழுக்காடு உள்ளூர் வளர்ச்சி நிதிக்கும் என 2008ஆம் ஆண்டின் மத்திய நீர்மின் கொள்கை வகுத்திருக்கிறது. கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சியோ 350 கிலோவாட் காற்றாலையைத் தானே சொந்தமாக நிறுவி, தன் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை விற்றது. ஒருமுறை தரும் நன்கொடையைவிட, விற்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் இவ்வளவு என்று ஆண்டுதோறும் ஊராட்சிக்குச் சேரும் தொகையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். அந்தப் பத்திரம் தமிழிலும் இருக்கட்டும்.