வாசகர் கேள்வி: பள்ளிக்கு வெளியே தொடங்கும் இடைவெளி

கேள்வி: குழந்தைகளின் வாசிப்புத் திறனில் உள்ள இடைவெளியைக் குறைக்கப் பல அமைப்புகள் ஒன்றுசேர வேண்டும் என்கிறார்களே, அது பள்ளியின் வேலை அல்லவா?

பதில்: பள்ளியின் வேலைதான், ஆனால், இடைவெளி பள்ளிக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கதை கேட்டு, புத்தகம் புரட்டி வளர்ந்த குழந்தையும் அந்த வாய்ப்பே கிடைக்காத குழந்தையும் ஒரே நாளில் முதல் வகுப்புக்கு வரும்போது, அவர்களின் சொல்வளம் ஏற்கெனவே வேறுபட்டிருக்கிறது. அந்தத் தொடக்க ஆண்டுகளில் குழந்தையைப் பார்ப்பவர் ஆசிரியர் அல்லர், மருத்துவர். அதனால்தான் 1989-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தோன்றிய ‘ரீச் அவுட் அண்ட் ரீட்’ திட்டத்தில், வழக்கமான பரிசோதனைக்கு வரும் குழந்தைக்கு மருத்துவரே புத்தகம் கொடுத்து, உரக்க வாசித்துக் காட்டும்படி பெற்றோரிடம் எடுத்துச் சொல்கிறார்.

குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் 10 வயதுக் குழந்தைகளுள் சுமார் 70 சதவீதம் பேரால் எளிய பத்தியொன்றைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று உலக வங்கி, யுனெஸ்கோ, யுனிசெஃப் உள்ளிட்ட அமைப்புகள் 2022-இல் மதிப்பிட்டன. தனி நிறுவனம் எதனாலும் சமாளிக்கக்கூடிய அளவன்று இது.

ஆயினும், ஒரே மேடையில் அமர்வது கூட்டுப் பணி ஆகாது. நூலகம் வழங்கிய புத்தகங்களையும் தொண்டு நிறுவனம் நடத்திய வகுப்புகளையும் தனித்தனியே எண்ணிக்கொண்டிருந்தால், குழந்தை படிக்கக் கற்றதா என்பதை எவரும் அறியமாட்டார்கள். அனைவரும் ஏற்கும் ஒரே அளவுகோலும், பெற்றோரின் ஒப்புதலுடன் விவரங்களைப் பகிரும் முறையும், ஒருங்கிணைப்பதையே முழுநேரப் பணியாகக் கொண்ட ஒருவரும் தேவை. புத்தகத்துக்கு மனமுவந்து தரும் நன்கொடையாளர்கள் அவருடைய ஊதியத்துக்குத் தரத் தயங்குவதுதான், என் பார்வையில், பெரிய முட்டுக்கட்டை.