பழைய ஹப்பை வைத்துக்கொண்டே ஹோம் அசிஸ்டென்டுக்கு மாற முடியுமா?

கேள்வி: வீட்டில் ஒரே நிறுவனத்தின் ஹப் (மற்ற சாதனங்களை இணைத்து இயக்கும் மையப் பெட்டி), பல்புகள், கதவு சென்சார்கள், சில வைஃபை பிளக்குகள் இருக்கின்றன. இவற்றை, பல நிறுவனங்களின் சாதனங்களை ஒரே இடத்திலிருந்து இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் போன்ற கட்டற்ற மென்பொருளோடு இணைக்க முடியுமா? இல்லை, எல்லாவற்றையும் புதிதாக வாங்கவேண்டுமா?

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். முதலில் ரவுட்டருக்குப் பின்னால் போய், இணையம் வரும் கேபிளை மட்டும் உருவிவிடுங்கள். வைஃபை ஓடட்டும். போனில் மொபைல் டேட்டாவையும் அணைத்துவிட்டு, நிறுவனத்தின் ஆப்பில் ஒரு விளக்கைப் போட்டுப் பாருங்கள். எரிந்தால் கட்டளை வீட்டுக்குள்ளேயே போய்ச் சேர்கிறது என்று அர்த்தம். எரியாவிட்டால் பெரும்பாலும் அது நிறுவனத்தின் சர்வர் வரை போய்த் திரும்புகிறது. (சில ஆப்கள் லாகின் செய்ய இணையம் இல்லையென்றாலே முரண்டு பிடிக்கும். அதனால் எரியாததை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.) என் வீட்டில் ஹப்போடு பேசும் பல்பு எரிந்தது, வைஃபை பிளக் அசையவில்லை.

அடுத்து, ஹோம் அசிஸ்டென்ட் தளத்தில் உங்கள் சாதனத்துக்கான இன்டெக்ரேஷன் (இணைப்பு நிரல்) பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதில் லோக்கல் புஷ், லோக்கல் போலிங், கிளவுட் புஷ், கிளவுட் போலிங் என ஏதாவது ஒரு வகை போட்டிருக்கும். (லோக்கல் என்றால் வீட்டுக்குள்ளேயே, கிளவுட் என்றால் நிறுவனத்தின் சர்வர் வழியாக. புஷ் என்றால் மாற்றம் தானாக வந்து சேரும், போலிங் என்றால் ஹோம் அசிஸ்டென்ட் அவ்வப்போது கேட்டுத் தெரிந்துகொள்ளும்.) நான் முதலில் படிப்பது அந்த ஒரு வரியைத்தான். லோக்கல் என்றிருந்தால் நிம்மதி. கிளவுட் என்றிருந்தால் வேலை செய்யும், ஆனால் குடுமி அவர்கள் கையில். 2023-இல் சேம்பர்லெய்ன் நிறுவனம் தன் மைக்யூ கராஜ் கதவுச் சேவைக்குள் வெளி மென்பொருள்கள் வரும் வழியை அடைத்தது. ஹோம் அசிஸ்டென்ட் அந்த இன்டெக்ரேஷனையே அந்த ஆண்டு டிசம்பர் வெளியீட்டில் எடுத்துவிட்டது. கதவும் மோட்டாரும் நன்றாகத்தான் இருந்தன.

உங்கள் ஹப் லோக்கலாகப் பேசுமானால் வேலை சுலபம். ஃபிலிப்ஸ் ஹ்யூ போன்றவற்றில் ஹப்பின் மேலுள்ள பொத்தானை ஒருமுறை அழுத்தினால் இணைப்பு முடிந்தது. பல்புகள் பழைய ஹப்பிலேயே இருக்கும், ஆட்டோமேஷன் மட்டும் புதிய இடத்துக்கு வரும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: ஹப்புக்கும் ஹோம் அசிஸ்டென்ட் ஓடும் கணினிக்கும் ரவுட்டரில் நிலையான ஐபி முகவரி ஒதுக்கிவிடுங்கள். நான் ஒதுக்கவில்லை. ஒருநாள் ரவுட்டரை அணைத்துப் போட்டதும் ஹப்புக்கு வேறு முகவரி வந்து, திரையில் பாதி விளக்குகள் சாம்பல் நிறமாகிவிட்டன. சாதனத்துக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரில்தான் கோளாறு என்று ஒரு மாலை முழுக்க அதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஹப்பையே விட்டுவிட நினைத்தால், பல்பும் சென்சாரும் ஜிக்பீயா (வைஃபை இல்லாமல் குறைந்த மின்சாரத்தில் பேசும் வயர்லெஸ் முறை) என்று பாருங்கள். ஜிக்பீ என்றால் கணினியில் ஒரு யூஎஸ்பி டாங்கிளை (ஜிக்பீ அலையில் பேசும் சிறு கருவி) மாட்டி, ஜிக்பீ2எம்க்யூடிடி என்ற மென்பொருள் அல்லது ஹோம் அசிஸ்டென்டிலேயே இருக்கும் இசட்எச்ஏ மூலம் நேரடியாகச் சேர்த்துக்கொள்ளலாம். டாங்கிளைக் கணினியின் யூஎஸ்பி 3.0 துளையில் நேராகச் செருகாதீர்கள். அந்தத் துளையிலிருந்து கிளம்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கெடுக்கும். ஒரு நீட்டிப்புக் கேபிள் போட்டுத் தள்ளி வைத்தால் தீர்ந்தது.

நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். ஜிக்பீ சாதனம் ஒரே நேரத்தில் ஒரு வலையமைப்பில்தான் இருக்கும். ஆசை ஆசையாக நடைபாதை பல்பை ரீசெட் செய்து புதிய டாங்கிளில் சேர்த்தேன், உடனே சேர்ந்தது. அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால், தொடவே தொடாத பின்கதவு சென்சார் பழைய ஆப்பில் செத்துக் கிடந்தது. பேட்டரியை மாற்றினேன், அப்போதும் இல்லை. அப்புறம்தான் உறைத்தது: மின்சாரத்தில் ஓடும் ஜிக்பீ பல்பு, பக்கத்துச் சாதனங்களின் செய்தியையும் வாங்கி ஹப்புக்குக் கடத்தும். பின்கதவு சென்சார் இத்தனை நாளும் அந்த நடைபாதை பல்பின் தோளில் ஏறித்தான் ஹப்பை எட்டியிருக்கிறது. பல்பை நான் கழற்றிக்கொண்டு போனதும் அது அநாதையாகிவிட்டது.

அதனால் ஒவ்வொன்றாக எடுக்காமல், அறை அறையாக மாற்றுங்கள். டாங்கிளுக்கு அருகிலுள்ள அறையில் தொடங்குங்கள். முதலில் பல்பும் பிளக்கும், பிறகு அதே அறையின் பேட்டரி சென்சார்கள். பழைய ஹப்பும் கூடவே ஓடும் காலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சேனல் (அலைவரிசை எண்) வைத்துக்கொள்ளுங்கள். ஜிக்பீக்கு 11 முதல் 26 வரை இருக்கிறது. பழைய ஆப்பில் உள்ள சீன்களும் (சேமித்து வைத்த விளக்கு அமைப்புகள்) குரூப்களும் கூடவே வராது, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

வைஃபை பிளக்குகளைப் பொறுத்தவரை அது எந்த வகை என்பதைப் பொறுத்தது. டூயா (பல பிராண்டுகள் பயன்படுத்தும் ஒரு நிறுவனத்தின் தளம்) வகையென்றால் ஒவ்வொரு சாதனத்துக்கும் லோக்கல் கீ என்ற ஒரு ரகசியக் குறியீடு உண்டு. அதை எடுத்துவிட்டால் கிளவுட் இல்லாமல் இயக்கலாம். ஆனால் ஆப்பிலிருந்து நீக்கி மறுபடி சேர்த்தால் கீ மாறிவிடும். மேட்டர் (பல நிறுவனங்களின் சாதனங்களும் சேர்ந்து இயங்க வந்த பொதுத் தரம்) சின்னம் இருந்தால் பாடே இல்லை. அந்தத் தரத்தின் முதல் பதிப்பு 2022-இல் வந்தது. ஒரே சாதனத்தைப் பழைய ஆப்பிலும் ஹோம் அசிஸ்டென்டிலும் சேர்த்தே வைத்திருக்க அது வழி செய்கிறது. பிளக்கைப் பிரித்து வேறு ஃபர்ம்வேர் ஏற்றுவதும் ஒரு வழிதான், ஆனால் மின்சாரம் ஓடும் பெட்டி அது. சாலிடரிங் பழக்கம் இல்லாதவர்களுக்குச் சொல்ல மாட்டேன்.

பழைய ஹப்பை இன்னும் அணைக்கவில்லை. அதில் இப்போது ஒரே ஒரு பல்புதான் மிச்சம். புதிய ஃபர்ம்வேர் வந்தால் அந்த நிறுவனத்தின் ஆப் வழியாகத்தான் ஏறும் என்பதால் விட்டுவைத்திருக்கிறேன்.